திருமஞ்சனக் கிணற்றுத் திருப்பணி: நிறைவு அறிக்கை

சபை உறுப்பினர்களுக்கும் உபயகாரர்களுக்கும் வணக்கம்.

பிள்ளையார் அருளால், கழிவு எண்ணெய் கலந்திருந்த எங்கள் கோயில் திருமஞ்சனக் கிணற்றைத் துப்புரவாக்கும் திருப்பணி நிறைவேறிவிட்டது. கிணறு இறைத்து முடிந்த கையோடு இந்த அறிக்கையைத் தரும்படி பலர் கேட்டீர்கள். மாரி பெய்து, நீர்மட்டம் ஏறி இறங்கிய பிறகு எடுக்கும் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. அதுதான் தாமதத்துக்குக் காரணம்.

யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை செம்மண்ணூடாக இறங்கி, சுண்ணக்கல் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகிறது. கீழே உப்புத் தண்ணீர், அதன்மேல் மெல்லிய படையாக நல்ல தண்ணீர். மேலே எதை ஊற்றினாலும் அந்த வெடிப்புகள் வழியே விரைவாக இறங்கிவிடும்.

2014, 2015 காலத்தில் சுன்னாகத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் கிணறுகளில் கழிவு எண்ணெய் மிதந்ததும், வாளியோடு தண்ணீர்ப் பவுசருக்குக் காத்து நின்றதும் எல்லோருக்கும் தெரியும். அது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பளித்து, 2 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த உத்தரவிட்டது. ஊர் மக்களின் முறைப்பாடு நியாயமானது என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே சொன்னது பெரிய விஷயம். ஆனாலும் கல் வெடிப்புக்குள் ஒட்டியிருக்கும் எண்ணெயை எந்தத் தீர்ப்பும் எடுத்துத் தராது. அந்த வேலையை ஒவ்வொரு கிணறாகச் செய்யத்தான் வேண்டும்.

மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்தால் போதாதா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. எரிபொருள் எண்ணெய்களில் பென்சீன், தொலுயீன், சைலீன் போன்றவை உண்டு. பின்னைய இரண்டும் பெயின்ற் தின்னரில் சேர்க்கப்படும் அதே கரைப்பான்கள். இவை ஓரளவு தண்ணீரில் கரையும். படலம் போன பிறகும் தண்ணீருக்குள் இருக்கும். குளோரின் போட்டாலும் போகா. கொதிக்க வைத்தால் ஆவியாகிக் குசினிக் காற்றில் கலக்கும். பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் அதற்கு வைத்திருக்கும் வரம்பு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். மணம் தெரியும் அளவுக்கு வர இதைப்போல் பல நூறு மடங்கு வேண்டும். ஆகவே "மணக்கவில்லை, குடிக்கலாம்" என்ற பேச்சு எடுபடாது.

வேலைக்கு வருவோம். முதலில் எண்ணெயை மட்டும் உறிஞ்சும் விரிப்புகளால் மேற்படலத்தை எடுத்தோம். அப்புறம் சிறிய பம்பால் மெதுவாக இறைத்தோம். பெரிய மெசினைப் போட்டு ஒரே நாளில் இறைத்துவிடலாம் என்று பலர் சொன்னார்கள். அப்படி இறைத்தால் அடியில் உள்ள உப்புத் தண்ணீர் மேலே ஏறும். சுற்றியுள்ள எண்ணெயும் கிணற்றை நோக்கி இழுபடும். இறைத்த தண்ணீரில் ஒரு வாளிகூடத் தோட்டத்துக்கோ வீதிக்கோ விடப்படவில்லை. தறப்பாள் விரித்த தொட்டியில் தேக்கி, எஞ்சிய எண்ணெயை நீக்கி, செயலூட்டிய கரி நிரப்பிய பரல்களினூடாக விட்டோம். கரைந்திருக்கும் கரைப்பான்களைப் பிடித்து வைப்பது அந்தக் கரிதான். அடிச்சேறு, பாவித்த விரிப்பு, பழைய கரி எல்லாவற்றையும் மூடிய பரல்களில் அடைத்து, இத்தகைய கழிவைக் கையாள மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்றவர்களிடம் கொடுத்தோம். செலவில் பெரும் பங்கு இதற்குத்தான் போனது. உபயகாரரின் பணம் மிகச் சரியான இடத்தில் செலவானது இதில்தான் என்பது எங்கள் உறுதியான எண்ணம். வேறொருவரின் கிணற்றுக்குள் போய்ச் சேரும் அழுக்கை அகற்றியதாகக் கணக்கில் எழுத முடியாது.

உட்சுவரைச் சுரண்டிக் கழுவினோம். கிணற்றுக் கட்டை உயர்த்தி, சுற்றிவர வெளிப்புறம் சரிவாகச் சீமெந்துத் தளம் போட்டோம். குழாய்கள் புதியவை.

மாரியில் நீர்மட்டம் உயரும்போது வெடிப்புகளில் ஒட்டியிருந்த எண்ணெய் மறுபடி தண்ணீரில் கலக்கலாம். இம்முறை எடுத்த மாதிரியில் பென்சீன், தொலுயீன், சைலீன் எதுவும் ஆய்வுகூடக் கருவிக்குத் தென்படவில்லை. படலமும் இல்லை. ஆகவே அபிஷேகத்துக்குக் கிணற்றுத் தண்ணீரே மீண்டும் எடுக்கப்படுகிறது. குருக்கள் முதல் குடம் எடுத்தபோது அங்கே நின்றவர்கள் அழுததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் மடப்பள்ளிக்கும் தண்ணீர்ப்பந்தலுக்கும் இந்தத் தண்ணீர் இப்போதைக்கு இல்லை. இதில் நைத்திரேற்று, வரம்பான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டி நிற்கிறது. அது உரத்தாலும் மலசலகூடக் குழிகளாலும் வருவது. இந்தத் திருப்பணியால் தீராது. கைக்குழந்தைகளுக்குப் பால் கரைக்க இதை யாரும் எடுக்க வேண்டாம்.

கராஜ் வைத்திருப்பவர்களும் பெயின்ற் வேலை செய்பவர்களும் பழைய எஞ்சின் ஒயிலையும் மிஞ்சிய தின்னரையும் மண்ணில் ஊற்றாமல், மேற்கு வீதி மதிலோரம் தனித்தனியே வைத்துள்ள இரண்டு மூடிய பரல்களில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். வரவு செலவுக் கணக்கும் ஆய்வுகூட அறிக்கையும் அலுவலகத்தில் உள்ளன, எவரும் பார்வையிடலாம்.

அடுத்த மாதிரி ஆவணியில் எடுக்கப்படும். கோயிலைச் சுற்றிக் கிணறு உள்ள வீட்டாரும் தங்கள் தண்ணீரைச் சேர்த்துக் கொடுக்கலாம், செலவு சபையுடையது. ஆய்வுகூடம் தரும் கண்ணாடிக் குப்பியை நாங்களே கொண்டு வருவோம். காற்றுக் குமிழி இல்லாமல் வாய்வரை நிரப்பி, உடனே இறுக மூடி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்