பட்டி தேய்க்கும் தூசிக்கு ஒரு வாளி

ஆசிரியருக்கு,

பழைய அம்பாசடர், பத்மினி கார்களைப் புதுப்பிக்கும் பட்டறைகளில் பையன்கள் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பட்டி (நெளிவை நிரப்பப் பூசும் பசை) தேய்க்கிறார்கள். நுண்தூசியை அது தடுக்காது. பழைய பெயின்டில் ஈயமும் இருக்கலாம். தூசி பறக்காமலிருக்கத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் பட்டி ஈரத்தை உறிஞ்சும், அடியில் துரு ஏறும்.

தூசியைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. 20 லிட்டர் பெயின்ட் வாளி மூடியில் இரண்டு ஓட்டை போட்டு, ஓர ஓட்டையில் எல்போவை (வளைந்த குழாய் இணைப்பு) வாளிச் சுவரை ஒட்டித் திரும்புகிற மாதிரி வைத்து அதில் சாண்டர் (தேய்க்கும் மெஷின்) குழாயையும், நடு ஓட்டையில் வேக்குவம் கிளீனர் குழாயையும் மாட்டி, இடுக்கையெல்லாம் எம்சீல் பசையால் அடைத்துவிட்டால் காற்று உள்ளே சுழலும், தூசியில் பெரும்பகுதி அடியிலேயே தங்கும், ஃபில்டரும் சீக்கிரம் அடைக்காது. வாளி உறிஞ்சலில் நசுங்கினால் இன்னொரு வாளிக்குள் சொருகுங்கள். அப்புறம், இது இருந்தாலும் என்95 மாஸ்க் கட்டாயம் வேண்டும். பட்டறை முதலாளிகள் இந்த வாரமே செய்து கொடுக்கலாம்.

வாசகர், கோவை