அடைப்புக்குறியையாவது விட்டுவையுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பின் பூச்சிகள் கட்டுரையில் ஒரு வரி: 'வாயில் நுழையாத பெயர் வைப்பதும், தோன்றும்போதெல்லாம் மாற்றுவதும் ஆய்வாளர்களின் பொழுதுபோக்கு.' கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு அந்த ஞாயிறு அத்தோடு சரி.

தோன்றியபடி மாற்ற முடியாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 1758-இல் தேனீக்கு ஏபிஸ் மெல்லிஃபெரா, அதாவது தேன் சுமப்பது, என்று பெயரிட்டவர், உயிரினங்களுக்கு இரு சொல் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸ். பூவிலிருந்து அது சுமந்து வருவது தேனல்ல, கூட்டில்தான் தேனாகிறது என்று 1761-இல் அவரே மெல்லிஃபிகா எனத் திருத்தப் பார்த்தார். பலிக்கவில்லை. முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பதால் முந்திய பெயரே இன்றும் நிற்கிறது. ஸ்லோவேனியக் குகைகளில் வாழும் கண்ணில்லாத வண்டு ஒன்று 1937 முதல் ஹிட்லர் பெயரைச் சுமக்கிறது. எத்தனை பேர் முகம் சுளித்தாலும் விதிப்படி செல்லுபடியாகும் பெயர் அதுதான். பொழுதுபோக்கென்றால் அதை எப்போதோ மாற்றியிருக்க மாட்டார்களா?

என் பக்கத்துத் தோப்புக்காரர் மருந்துக்கடையில் 'வெள்ளை ஈ' என்று சொல்ல, பருத்திக்கு அடிப்பதைக் கொடுத்தனுப்பினார்கள். பருத்தியில் வருவது பெமிசியா டபாசி. தென்னை ஓலைக்கடியில் சுருள் சுருளாக முட்டையிடுவது அலூரோடைகஸ் ருஜியோபெர்குலேட்டஸ். 2016-இல் எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டியது. அடித்த மருந்தில், அதைக் கட்டுக்குள் வைத்திருந்த என்கார்சியா குளவிகள் செத்தன. ஈ மறுபடி பெருகியது. தங்கள் வேளாண் பக்கத்திலும் இரண்டும் வெறும் 'வெள்ளை ஈ'தான்.

சென்ற ஆண்டு நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சி பற்றி நான் அனுப்பிய குறிப்பில் 'நிலபர்வதா லூகென்ஸ் (ஸ்டால், 1854)' என்று எழுதியிருந்தேன். அச்சில் அடைப்புக்குறியைக் காணோம். முதலில் பெயரிட்ட ஸ்டால் அதை டெல்ஃபாக்ஸ் என்ற பேரினத்தில் (பெயரின் முதல் சொல் அதுதான்) வைத்தார், பின்னால் வந்தவர்கள் பேரினத்தை மாற்றினார்கள் என்பதை அந்தப் பெயரில் சொல்வது அந்தக் குறி ஒன்றுதான். இதை விளக்கி நான் எழுதிய கடிதம் வெளிவரவில்லை. இடநெருக்கடி இருந்திருக்கும். நடிகர் ஒருவரின் பட்டத்தில் ஓர் எழுத்து விட்டுப்போனதற்கு மறுநாளே முதல் பக்கத்தில் வருந்தினீர்கள். அதற்காவது இடம் கிடைத்ததில் மகிழ்ச்சி. பட்டுப்பூச்சிப் படத்துக்குக் கீழே 'பட்டாம்பூச்சி' என்று அச்சிட்டதைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

வேளாண் பக்கத்தில் பூச்சியின் அறிவியல் பெயரை ஒரு தடவையாவது முழுதாகப் போடச் சொல்லுங்கள். அனுப்பியவர் அடைப்புக்குறி போட்டிருந்தால் அப்படியே இருக்கட்டும். போடாத இடத்தில் உதவி ஆசிரியர் தாமாகச் சேர்க்கவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர்,
ஆனைமலை.