மாப்பிள்ளையின் துப்பாக்கி

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். மூட்டுவலி மட்டும் என்னைவிட்டுப் போக மறுக்கிறது.

அமெரிக்காவில் உன் மாப்பிள்ளை வாங்கிய துப்பாக்கியின் படங்கள் கிடைத்தன. ஸ்டாலின்கிராடில் சண்டையிட்டது என்று விற்றவன் சொன்னானாம்! நம் விடுதிக் காப்பாளர் கேட்டிருந்தால் சிரித்தே மயங்கியிருப்பார். மொசின் என்ற இந்தப் பழைய ரஷ்ய ராணுவத் துப்பாக்கி எதுவும் தான் போன போர்க்களத்தை உடம்பில் பொறித்துக்கொள்வதில்லை.

குழலில் முக்கோணத்துக்குள் அம்பு தெரிகிறது. ஆகவே ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் ஆலையில் செய்தது. தூலா ஆலை என்றால் நட்சத்திரம் இருந்திருக்கும். 1942 என்பது செய்த ஆண்டு. அதுவரை சரி. ஆனால் 'ஒய் 4' என்று படித்து, படைப்பிரிவின் எண் என்று பெருமைப்படுகிறாராமே! அவை இரண்டும் ரஷ்ய எழுத்துகள், 'உச்'. பயிற்சிக்கு உரியது என்பதன் சுருக்கம். மாஸ்கோவில் இத்தனை வருடம் குப்பை கொட்டிய மாமனார் இதைச் சொல்லித்தரவில்லையா? தேய்ந்துபோய்ப் படைக்கு உதவாதவற்றைப் பயிற்சிக்கு ஒதுக்கும்போது இப்படிக் குத்துவார்கள். சோவியத் நாட்டில் 1967 ராணுவச் சேவைச் சட்டத்துக்குப் பிறகு பள்ளியிலேயே ராணுவப் பாடம் இருந்தது. கலாஷ்னிகோவைக் கழற்றி மாட்டும் வேகத்தைப் பற்றி நதாஷா அளந்ததெல்லாம் அந்த வகுப்பில் கற்றதுதான்.

கேலி போதும். மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். தோட்டா அமரும் அறையின் பக்கச் சுவரில் வட்டமாக ஒரு வெல்டிங் தழும்பு. பயிற்சித் துப்பாக்கி சுடக்கூடாது என்பதற்காக அங்கேதான் துளையிடுவார்கள், சுடும் ஊசியின் முனையையும் வெட்டிவிடுவார்கள். அந்தத் துளையை எவனோ அடைத்து, வேறு ஊசி மாட்டி விற்றிருக்கிறான் என்றே எனக்குப் படுகிறது. சுடும்போது அந்த அறைக்குள் எழும் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் 3000 மடங்கு. ஒட்டு பிய்த்துக்கொண்டால் பக்கத்திலேயே இருப்பது சுடுபவரின் முகம். வார இறுதியில் சுட்டுப் பார்க்கப்போவதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

இந்தக் கடிதத்துக்குக் காத்திருக்காமல் போனில் சொல்லி நிறுத்து. துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டச் சொல். துளையில்லாமல் 'உச்' முத்திரையோடு மட்டும் இருக்கும் துப்பாக்கிகளும் உண்டு. ஆகவே முத்திரையைப் பார்த்து, இது வெறும் பொம்மை என்று பேரன் கையில் கொடுத்துவிடவும் வேண்டாம்.

போல்ட்டின் (தோட்டாவை அறைக்குள் தள்ளி மூடும் பாகம்) முன்பக்கப் படம் ஒன்று அனுப்பு, எண்கள் தெரியும்படி. எவ்வளவு கொடுத்து வாங்கினார் என்பதை மட்டும் எழுதிவிடாதே, எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது.

அன்புடன்,
ராகவன்