அந்த ரயில் சாப்பாட்டைத் திருப்பிக் கொடுங்கள்

தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

சனிக்கிழமை இரவு நீங்கள் ஒளிபரப்பிய 1963-ஆம் ஆண்டு ஜேம்ஸ் பாண்ட் படம் 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' பற்றித்தான் எழுதுகிறேன். கத்தரி வைத்த இடம் உங்களுக்கே தெரியும். ரயிலின் உணவுப்பெட்டியில் வரும் காட்சியை முழுசாக எடுத்துவிட்டீர்கள்.

மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிடுவதுதானே, போனால் என்ன என்று நினைத்திருப்பீர்கள். படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பெரும்பகுதி வாயே திறக்காமல் நிழல்போல வந்த கொலைகாரன், இங்கே ஆங்கிலேய உளவாளி வேடத்தில் நல்லவனாகப் பேசுகிறான். மீனுக்கு வெள்ளை ஒயின்தான் என்ற மேட்டுக்குடி வழக்கம் தெரியாமல் சிவப்பு ஒயின் கேட்கிறான். பாண்டோடு வரும் ரஷ்யப் பெண் தாத்யானாவின் கோப்பையில் மயக்க மருந்தைக் கலக்கிறான். அப்புறம், துப்பாக்கி முனையில் மண்டியிட்டிருக்கும்போதுதான் மீனோடு சிவப்பு ஒயின் கேட்டபோதே இவனைச் சந்தேகித்திருக்க வேண்டும் என்று பாண்டுக்கு உறைக்கிறது. நீங்கள் சாப்பாட்டை வெட்டிவிட்டு அந்த வசனத்தை மட்டும் வைத்திருக்கிறீர்கள். முதல்முறையாகப் படம் பார்த்த என் மகள், "எந்த மீன்ப்பா?" என்று கேட்டாள். நான் சொல்லி முடிப்பதற்குள் சண்டையே தொடங்கிவிட்டது. எத்தனையோ நாளாக அவளுக்குக் காட்ட வேண்டும் என்று காத்திருந்த கட்டம் அது.

தயவுசெய்து இந்தப் படத்தை வெட்டாமல் போடுங்கள்.

இதில் பெரிய கருவி என்றால் ஒரு கைப்பெட்டிதான். 50 தங்க நாணயங்கள், தப்பாகத் திறந்தால் முகத்தில் வெடிக்கும் கண்ணீர்ப்புகை. அதுகூட எதிராளியின் பேராசையால்தான் கைகொடுக்கிறது. அடுத்து வரும் சண்டையில் இசை கிடையாது. ரயில் சத்தமும் அடி விழும் சத்தமும்தான். அந்த நேரத்தில் திரையின் கீழே உங்கள் அடுத்த நிகழ்ச்சியின் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது!

விநோதக் கருவிகளும் வெடிகளுமாக வரும் பிந்தைய பாண்ட் படங்களில் நீங்கள் ஒரு நொடிகூடக் குறைத்து நான் பார்த்ததில்லை. ஆள் பேசாமல் இருந்தால், ஒரு பார்வை கொஞ்சம் நீண்டால், உடனே கத்தரி. பதற்றம் அங்கேதானே சேருகிறது? பார்க்கிறவர்களுக்குப் பொறுமை இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது?

சரி, கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் மன்னியுங்கள். விளம்பரம் இல்லாமல் முடியாது என்பது புரிகிறது. இஸ்தான்புல்லில் ரயில் ஏறுவதற்கு முன்பே எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். ஏறிய பிறகு கை வைக்காதீர்கள். மறுபடி ஒருமுறை, முழுசாக ஒளிபரப்புங்கள். தேதியை முன்கூட்டியே அறிவித்தால் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் பார்வையாளன்