நேர்காணல் எந்த ஊர் மணிக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வெளிநாட்டு வேலைவாய்ப்பு விளம்பரங்களில் 'இணையவழி நேர்காணல் காலை 10 மணி' என்று அச்சாகிறது. எந்த ஊர் 10 மணி? கீழக்கரையில் கணினி மையம் நடத்தும் என்னிடம் வருகிறவர்கள், கத்தரித்த விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் கேட்பது இதைத்தான்.

துபாய் என்றால் கவலை இல்லை. துபாய்க்கு ஒன்றரை மணி பின்னே, சவூதி, கத்தார், குவைத்துக்கு இரண்டரை மணி பின்னே, சிங்கப்பூர், மலேசியாவுக்கு இரண்டரை மணி முன்னே என்று தொண்டியிலும் பெரியபட்டினத்திலும் சபராளி (பிழைப்புக்காக வெளிநாடு போனவர்) வீட்டுப் பாட்டிகூட விரல்விட்டுச் சொல்லிவிடுவார். இந்த நாடுகள் ஆண்டு முழுவதும் கடிகாரத்தைத் தொடுவதில்லை. இப்போது பிள்ளைகள் டப்ளினுக்கும் டொராண்டோவுக்கும் மெல்போர்னுக்கும் விண்ணப்பிக்கிறார்கள். அங்கேதான் கணக்கு உதைக்கிறது. ஐரோப்பாவில் 'கோடை நேரம்' என்று மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று பழையபடி வைக்கிறார்கள். டொராண்டோவில் அது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். மெல்போர்னில் எல்லாம் தலைகீழ்: அக்டோபரில் தள்ளி ஏப்ரலில் திருப்புகிறார்கள்.

ஒரு செவிலியருக்கு ஏப்ரலில் டப்ளின் நேரப்படி காலை 10 மணிக்கு நேர்காணல். இணையத்தில் முதலில் கண்ணில் பட்ட ஏதோ ஒரு தளத்தில் இந்தியாவுக்கும் அயர்லாந்துக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்றிருந்ததைக் குறித்துக்கொண்டு வந்திருந்தார். பிற்பகல் 3.30க்குச் சான்றிதழ்களைத் திரைக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அழைப்பு 2.30க்கே வந்து போயிருந்தது. தளம் சொன்னது குளிர்காலக் கணக்கு. பொய் இல்லை, ஆனால் எந்தத் தேதிக்கு என்று அது கேட்கவே இல்லை.

'இப்போது லண்டனில் மணி என்ன' என்றால் தேடுபொறியே சரியாகச் சொல்லிவிடும். அடுத்த மாத நேர்காணலுக்கு அது போதாது. ஊர், தேதி இரண்டையும் கொடுத்துப் பார்க்கும் வசதியும், அடுத்த கடிகார மாற்றம் என்றைக்கு என்ற தகவலும் உள்ள தளமாகப் பார்க்க வேண்டும். நார்வேயிலிருந்து நடத்தப்படும் 'டைம் அண்ட் டேட்' தளத்தில் இரண்டும் உண்டு.

கைபேசியின் உலகக் கடிகாரமும் நம்பத்தக்கதே, மென்பொருளைப் புதுப்பித்து வந்தால். பெரும்பாலான கணினிகளும் கைபேசிகளும் ஒரே நேர மண்டலத் தரவுத்தளத்தைத்தான் நம்பியிருக்கின்றன; தன்னார்வலர்கள் திருத்திவரும் அது 2011 முதல், இணையப் பெயர்களையும் முகவரிகளையும் நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. ஓர் அரசு திடீரென்று மணியை மாற்றினால் திருத்தம் நம் கைக்கு வர நாளாகும். 2023 மார்ச்சில் லெபனான் அரசு கோடை நேரத்தை ரம்ஜான் முடியும்வரை தள்ளிப்போடுவதாகக் கடைசி நேரத்தில் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் பின்வாங்கியது. அதற்குள் ஒரே நகரில் இரண்டு மணி ஓடியது.

இந்தக் கூத்து எங்களுக்குப் புதிதல்ல. 1996இல் மின்பற்றாக்குறையால் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அதே ஆண்டில் அரை மணியைக் குறைத்து, 2006 ஏப்ரலில்தான் நம் நேரத்துக்குத் திரும்பியது. தனுஷ்கோடிக்கு எதிரே இருக்கும் தலைமன்னாரில் வேறு மணி! இலங்கை வானொலியை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்து பழகிய எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த ஆத்திரம் நெடுநாள் தீரவில்லை.

ஆகவே, விளம்பரதாரர்களிடம் தேதி, ஊர் நேரம், இந்திய நேரம் மூன்றையும் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். 'டப்ளின் நேரம் காலை 10. இந்திய நேரம் பிற்பகல் 2.30' என்று ஒரு வரிதான். வரிக்குக் கட்டணம் ஏறுகிறது என்று அவர்கள் முணுமுணுத்தால், அந்த ஒரு வரியை இலவசமாகவே விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
கணினி மையம் நடத்தும் வாசகர்,
கீழக்கரை.