பிச்சாவரத்தின் வாய்க்கால்களைத் தூர்வார வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் ஜூலை 26 அன்று, அலையாத்திக் காடுகள் பாதுகாப்பு நாளையொட்டி, இத்தனை ஆயிரம் கன்றுகள் நடப்பட்டன என்ற செய்தி நாளிதழ்களில் தவறாமல் வருகிறது. நட்டவர்கள் பாராட்டுக்குரியவர்கள். ஆனால், சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் அலையாத்திக் காட்டை நாற்பது ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் என்ற முறையில், அந்தக் காட்டுக்குக் கன்றைக் காட்டிலும் முதல் தேவை நீரோட்டம்தான் என்பதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஏறத்தாழ 1,100 ஹெக்டேரில் பரவியுள்ள இக்காட்டில் ஒவ்வொரு மரமும் உப்பை ஒவ்வொரு விதமாகச் சமாளிக்கிறது. சுரபுன்னை பெரும்பகுதி உப்பை வேரிலேயே தடுத்துவிடுகிறது. வெண்கண்டலோ உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றுகிறது. கோடையில் அதன் இலையொன்றை நாக்கில் வைத்தால் கரிக்கும். சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கிய பிறகே சேற்றில் விழுகிறது. சிதம்பரத்துக்குத் தன் பெயரையே தந்த தில்லை மரம், உப்பு குறைந்த கரையோரத்தில் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும்.

இவ்வளவு தாக்குப்பிடிக்கும் மரங்களும் தேங்கிய நீரில் பிழைப்பதில்லை. முற்காலத்தில் கூப்பு முறையில் மரங்களை மொத்தமாக வெட்டியதால், வெயிலில் காய்ந்த தரை தாழ்ந்து பள்ளமாகி, உள்ளே வந்த கடல்நீர் வடிய வழியின்றி வற்றி, உப்பு ஏறி, கன்று முளைக்காத திட்டுகள் உருவாயின. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, கடலின் ஏற்ற இறக்கத்தோடு ஓதநீர் வந்து வடிய வழி செய்த பின்னரே அங்கே பசுமை திரும்பியது. அந்த வாய்க்கால்களில் வண்டல் படிவது இயல்பு. தூர்வாராவிட்டால் மீண்டும் பழைய நிலைதான்.

நீர் நின்றால் மரம் மட்டுமா போகும்? நீர் வடிந்த சேற்றில் துடுப்பை ஊன்றித் தத்தி வேரில் ஏறும் உளுவை மீனும், வேர்களுக்கிடையே வளரும் இறால் குஞ்சும், மடவை, கொடுவா மீன்களும், நண்டும், அவற்றை நம்பி வரும் பறவைகளும் போய்விடும். பனையோலைப் பறியைப் பல்லில் கவ்வியபடி, கழுத்தளவு நீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் அன்றாட வருமானமும் அதே ஓடைகளில்தான் இருக்கிறது. 2004 சுனாமியின்போது இக்காட்டின் பின்னாலிருந்த ஊர்களில் சேதம் குறைந்ததை நாங்கள் நேரில் கண்டோம்.

2022இல் ராம்சர் தளமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இவ்விடத்தில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஆண்டுதோறும் வாய்க்கால்களைத் தூர்வாரவும், கான்சாகிப் வாய்க்கால் வழியே நன்னீர் தடையின்றி வந்து சேரவும், ஓடைகளை நன்கறிந்த இருளர் மக்களையே அப்பணியில் அமர்த்தவும் அரசு ஆவன செய்ய வேண்டும். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையோடு, மூன்றாண்டுகளுக்குப் பிறகு பிழைத்தவை எத்தனை என்பதையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
சிதம்பரம்.