மேல்கோட்டில திரும்பவும் சாட்சி சொல்லலாமெண்டு நம்பியிருக்கிற ஆக்களுக்காக

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் நெடுங்கேணிப் பக்கம் இருக்கிறன். போன கிழமை எங்கட பக்கத்து வளவு அக்காவுக்கு காணி வழக்கில தீர்ப்பு வந்தது, தோத்திட்டா. பஸ்ஸால இறங்கி எங்கட படலையடியில நிண்டு அழுது முடிச்சிட்டு கடைசியாச் சொன்னா, "பரவாயில்லைப் பிள்ளை, அப்பீல் போடுவம், அங்க பெரிய நீதிபதிமார் இருக்கினம், அவையளுக்கு முன்னால நான் ஒண்டும் விடாமச் சொல்லுவன்" எண்டு. எனக்கு வயித்தைப் பிசைஞ்சது, ஏனெண்டா எங்கட ஐயாவும் இதையேதான் 3 வருசமாச் சொல்லிக்கொண்டு இருந்தவர்.

ஐயாவின்ர வழக்கு வயல்காணி வழக்கு. இடம்பெயர்ந்து முகாமெல்லாம் இருந்திட்டு திரும்பி வந்து பாத்தா எங்கட வயலில வேற ஆள் விதைச்சு நிக்குது. வழக்குப் போட்டம். காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டினம், ஐயா சாட்சி சொன்னார், ஆனா பழைய ஏக்கர்வரி ரிசீற்றுகளும் நில அளவைப் படமும் யாழ்ப்பாணத்தில மாமி வீட்டுப் பெட்டிக்குள்ள இருந்தது, "உறுதியே காணும், தேவையெண்டா மேல காட்டுவம்" எண்டு ஐயா எடுக்கப் போகேல்லை. தோத்தம். அப்பீல் போட்டம். அந்தத் தவணைக்கு ஐயா தோய்ச்ச வெள்ளை வேட்டி கட்டி, ரிசீற்றெல்லாத்தையும் பொலித்தீன் பையில சுத்தி மடியில வைச்சுக்கொண்டு முதல் பஸ்ஸில வந்தவர். எங்கட லோயர் எழும்பிக் கதைச்சார், மற்றப் பக்கத்து லோயர் எழும்பிக் கதைச்சார், 2 நீதிபதிமாரும் தடிச்ச பைலைப் பிரட்டிப் பிரட்டிக் கேள்வி கேட்டினம், முக்கால் மணித்தியாலத்தில முடிஞ்சுது. ஐயாவின்ர பேரை ஒருத்தரும் கூப்பிடேல்லை. திரும்பி வரேக்க புளியங்குளம் தாண்டுமட்டும் வாயே திறக்கேல்லை, பிறகு "என்னை ஏன் பிள்ளை கூப்பிடேல்லை" எண்டு மட்டும் கேட்டார். எனக்கு அண்டைக்கு மறுமொழி தெரியேல்லை. அதுக்குப் பிறகு கேட்டும் வாசிச்சும் விளங்கினதைத்தான் இப்ப எழுதுறன், தயவு செய்து சுருக்காமப் போடுங்கோ.

மேன்முறையீடு எண்டுறது ரெண்டாந்தரம் வழக்கு விசாரிக்கிறதில்லை. மாவட்ட நீதிமன்றத்தில என்ன சாட்சியம் பதிஞ்சதோ, என்ன பத்திரம் அடையாளமிட்டுக் குடுத்தமோ, அந்த வழக்கேடுதான் மேல போகும், நாங்கள் போறேல்லை. 2006 ஆம் ஆண்டு 54 ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு எங்கட மாகாணத்து சிவில் வழக்கு அப்பீல் மாகாண சிவில் மேன்முறையீட்டு மேல்நீதிமன்றத்துக்குத்தான் போகுது, ஆகக்குறைஞ்சது 2 நீதிபதிமார் இருந்து பாப்பினம். அவை பாக்கிறது ஆர் நல்லவர் எண்டில்லை, கீழ்கோட்டு நீதிபதி பிழை விட்டவரோ, அந்தப் பிழையால எங்களுக்கு உண்மையிலயே பாதகம் வந்ததோ எண்டுதான். மேன்முறையீட்டு நீதிமன்றத்தைப் பற்றிச் சொல்லுற அரசியலமைப்பு 138 ஆம் உறுப்புரையே அப்பிடித்தான் சொல்லுது, சட்டப் பிழையும் திருத்தலாம், சங்கதிப் பிழையும், எண்டா என்ன நடந்ததெண்டு முடிவெடுத்ததில விட்ட பிழையும், திருத்தலாம், ஆனா ஒரு தரப்பின்ர முக்கியமான உரிமையைப் பாதிக்காத, நீதி தவறப்பண்ணாத சின்னப் பிழைக்காகத் தீர்ப்பை மாத்தக்கூடாது எண்டு. அதால "அந்தத் தேதியைப் பிழையா எழுதிப்போட்டினம், இந்தப் பேரில ஒரு எழுத்து விடுபட்டுப்போச்சு" எண்டு ஓடித்திரியுறதில பிரயோசனமில்லை.

சட்டம் பிழையா விளங்கப்பட்டிருந்தா மேல்கோடு தன்ரபாட்டில புதுசா யோசிச்சு முடிவெடுக்கும், அதில கீழ்கோட்டுக்கு விட்டுக்குடுக்க வேண்டிய தேவையில்லை. ஆனா ஆற்ர சாட்சியை நம்புறது எண்ட விசயத்தில அப்பிடியில்லை. சாட்சிக்கூட்டில நிண்ட ஆளின்ர முகத்தைப் பாத்தவர், தடுமாறினதைப் பாத்தவர் கீழ்கோட்டு நீதிபதிதான், அதால அவர் கண்டுபிடிச்ச சங்கதியை லேசில அசைக்கமாட்டினம். இது நேற்று வந்த கதையில்லை, இலங்கை வழக்கொண்டில 1918 இலயே, அந்தக் காலத்தில எங்கட கடைசி அப்பீல் கோடா இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில் இதைச் சொல்லிப்போட்டுது, பிறகு 1993 சட்ட அறிக்கையில இருக்கிற அல்விஸ் எதிர் பியசேன பெர்னாண்டோ வழக்கிலயும் உயர்நீதிமன்றம் அதைத்தான் திரும்பச் சொன்னது.

எனக்கு இதில நியாயம் இருக்கெண்டு விளங்குது. "நான் அந்தக் காணியில இருந்து வந்தனான்" எண்டு ஐயா சொன்னா, அங்க குடியிருந்து வந்தனான் எண்டும் எடுக்கலாம், அங்கயிருந்து வெளிக்கிட்டு வந்தனான் எண்டும் எடுக்கலாம். கேட்டுக்கொண்டிருந்த ஆளுக்கு என்ன சொன்னாரெண்டு தெரியும், ரைப் அடிச்ச தாளில அது தெரியாது. அதுவும் உயர்நீதிமன்றம் வரைக்கும் போனா வழக்கேட்டை அந்தக் கோட்டின்ர மொழிக்கு மாத்தவேணும், அரசியலமைப்பு 24 ஆம் உறுப்புரையிலயே அந்த ஏற்பாடு இருக்கு, அப்ப இந்த ஒரு வரி எப்பிடிப் போய்ச் சேருமெண்டு யோசிச்சுப் பாருங்கோ. கூட்டில நிக்கேக்க தெளிவாச் சொல்லுங்கோ, எத்தினையாம் ஆண்டில இருந்து எத்தினையாம் ஆண்டு மட்டும், என்ன பயிர், எல்லையில ஆர் எண்டு.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு, அதை எங்கட ஆக்கள் கவனிக்கிறேல்லை. எங்கட பக்கத்தில ஒரு காணி வழக்கு முடியமுதல் நீதிபதி மாறிப்போவார், சில வழக்கில 2 தரம் 3 தரம் மாறும். 1978 ஆம் ஆண்டு 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டம் 48 ஆம் பிரிவு புது நீதிபதி பழைய சாட்சியத்தை வைச்சே தொடரலாமெண்டு விடுது. அப்ப தீர்ப்பு எழுதினவர் ஐயாவின்ர முகத்தைக் காணவேயில்லை, அவரும் தாளைத்தான் வாசிச்சவர், மேல்கோடும் அதே தாளைத்தான் வாசிக்குது. அப்பிடியான வழக்கில "கண்ணால பாத்தவர்" எண்ட காரணத்துக்கு முந்தின பாரம் இல்லை, இதை உங்கட லோயரிட்டக் கேளுங்கோ, கட்டாயம் கேளுங்கோ. பத்திரங்களை வைச்சு எடுத்த முடிவும் அப்பிடித்தான், உறுதியில எல்லை என்ன எழுதியிருக்கெண்டு வாசிக்க ஆற்ர முகத்தையும் பாக்கத் தேவையில்லையே. நம்புற சாட்சியம் ஒண்டுமே இல்லாமல் எடுத்த முடிவு, ஏற்கக்கூடாத சாட்சியத்தில எடுத்த முடிவு, நியாயமான ஒரு ஆள் வரவே ஏலாத முடிவு, இதுகளையும் மேல்கோடு மாத்தும்.

தீர்ப்பில காரணம் இருக்கோ எண்டும் பாருங்கோ. சிவில் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 187 ஆம் பிரிவின்படி தீர்ப்பில வழக்கின்ர சுருக்கம், தீர்க்கவேண்டிய விசயங்கள், அதுக்கான முடிவு, முடிவுக்கான காரணம் எல்லாம் இருக்கவேணும். எழுவினாக்களுக்கு, எண்டா வழக்கில தீர்க்கவேண்டிய கேள்விகளுக்கு, வெறுமனே ஆம், இல்லை எண்டு மறுமொழி போட்டிருந்தா அது பெரிய குறை, அதை வைச்சே தீர்ப்புகள் தள்ளுபட்டிருக்கு. நான் பக்கத்து வளவு அக்காவின்ர தீர்ப்பை வாங்கி ரெண்டு தரம் வாசிச்சன், அவ குடுத்த 2 பத்திரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது எவ்வளவு பெரிய விசயமெண்டு லோயர்தான் சொல்லவேணும், ஆனா அழுறதுக்குப் பதிலாக் கதைக்க ஒரு விசயம் அவவிட்ட இப்ப இருக்கு.

ஐயாவின்ர ரிசீற்றுகளுக்கு வருவம். புதுச் சாட்சியத்தை மேல்கோடு எடுக்கவே எடுக்காதெண்டில்லை, அரசியலமைப்பு 139 ஆம் உறுப்புரையில அதுக்கு இடம் இருக்கு. ஆனா அது விளக்க நேரத்தில, எண்டா கீழ்கோட்டில வழக்கு விசாரிக்கேக்க, எவ்வளவு முயற்சி எடுத்தும் கிடைச்சிருக்காததா இருக்கவேணும், வழக்கின்ர முடிவில பெரிய தாக்கம் வரக்கூடியதா இருக்கவேணும், நம்பக்கூடியதாவும் இருக்கவேணும். மாமி வீட்டுப் பெட்டிக்குள்ள இருந்த ரிசீற் முதல் படியிலயே விழுந்திட்டுது. எங்கட அப்பீலும் தள்ளுபடி. பேப்பர் துண்டு ஒண்டு விடாமல் விளக்கத்திலயே குடுத்திடுங்கோ எண்டு நான் ஏன் தொண்டை கிழியக் கத்துறன் எண்டு இப்ப விளங்கும்.

அடுத்தது நாள் கணக்கு. இதாலதான் கனபேர் உள்ளுக்க போகமுதலே விழுறவை. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு மேன்முறையீட்டு அறிவித்தல் 14 நாளுக்குள்ள அதே கோட்டில குடுக்கவேணும், தீர்ப்புச் சொன்ன நாளும் குடுக்கிற நாளும் ஞாயிறும் பொது விடுமுறையும் இதில கழியும், சனிக்கிழமை கழியாது. மேன்முறையீட்டு மனு 60 நாளுக்குள்ள, தீர்ப்புத் தேதியில இருந்துதான், அறிவித்தல் குடுத்த தேதியில இருந்தில்லை, அதில ஞாயிறு விடுமுறை ஒண்டும் கழியாது. புறொக்சி (எங்கட வழக்கை நடத்த லோயருக்கு எழுதிக்குடுக்கிற அதிகாரப் பத்திரம்) போட்ட லோயர்தான் கையெழுத்து வைக்கவேணும், கோவத்தில பழைய லோயரை விட்டிட்டு புறொக்சியை மாத்தாமல் புது ஆளைக்கொண்டு கையெழுத்து வைச்சா அப்பீலே செல்லாமப் போகலாம். தீர்ப்பில்லாமல் நடுவில வாற கட்டளை எண்டா அப்பீல் போடவே முதல் அனுமதி கேக்கவேணும், அதுக்கும் 14 நாள்தான். மேல்நீதிமன்றத்திலயும் தோத்தா உயர்நீதிமன்றத்தில அனுமதி கேக்க 42 நாள்.

பொலிஸ் கொண்டுபோய்ப் போடுற 66 வழக்கு வேற. எங்கட பக்கத்தில எல்லைச் சண்டை எண்டா முதல் வாறது அதுதான். 1979 ஆம் ஆண்டு 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின்ர 66 ஆம் பிரிவில வாற வழக்கு அது, அந்தச் சட்டப்படி அந்தக் கட்டளைக்கு அப்பீலே இல்லை, மாகாண மேல்நீதிமன்றத்தில மீளாய்வு மட்டும்தான் கேக்கலாம், அதுக்கும் விசேச காரணம் காட்டவேணும். ஆனா 66 இல தோத்தா காணி போச்செண்டு நினைக்காதேங்கோ, அது இப்ப காணி ஆற்ர கையில இருக்கு எண்டதைப் பற்றின முடிவு, உரித்து ஆருக்கெண்டு மாவட்ட நீதிமன்றத்தில வழக்குப் போடலாம்.

நேரத்துக்குத் தகவல் வராததால நாங்கள் பட்டது போதும் ஐயா. போர்க் காலத்தில காணிக்குக் கிட்டப் போகேலாமல் இருந்த ஆக்களுக்கெண்டு 2016 இல 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாட்டுச் சட்டம் வந்தது, 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தை எதிராளி 10 வருசம் காணியை ஆண்டிட்டன் எண்டு உரிமை கேக்கிற கணக்கில சேக்காமல் விடலாமெண்டு. வழக்குப் போட 2 வருசம்தான் தந்தது. எங்கட ஊரில கனபேர் அந்தச் சட்டத்தைப் பற்றிக் கேள்விப்படேக்க அந்த 2 வருசமும் முடிஞ்சு போச்சு.

நான் கேக்கிறது பெரிசா ஒண்டுமில்லை. தீர்ப்புச் சொல்லுற அண்டைக்கே தோத்த ஆளின்ர கையில தமிழில ஒரு தாள் குடுக்கட்டும், அறிவித்தலுக்குக் கடைசி நாள் இது, மனுவுக்குக் கடைசி நாள் இது, இந்தக் கோட்டில இந்த அறையில குடுக்கவேணும், காசில்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழுவின்ர காரியாலயம் இந்த இடத்தில இருக்கு எண்டு. நீதி அமைச்சோ நீதிச்சேவை ஆணைக்குழுவோ இதைச் செய்யலாம், ஒரு தாள்தானே. அது வாற வரைக்கும் நீங்கள் உங்கட பேப்பரில மாசத்தில ஒருக்கா ஒரு சட்டத்தரணியைக்கொண்டு இந்த நாள் கணக்கைப் போடுங்கோ, எங்கட வாசிகசாலையில வெட்டி ஒட்டுறது என்ர பொறுப்பு.

பக்கத்து வளவு அக்கா இண்டைக்குக் காலமை பஸ்ஸில லோயரிட்டப் போயிருக்கிறா. நானும் அவவும் கலண்டரில கோடு போட்டு எண்ணினம், ஞாயிறைக் கழிச்சு இண்டைக்கு 6 ஆம் நாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நெடுங்கேணி.